கையால் செய்தது, அப்படித்தான் இருக்கும்

நண்பர் அன்பாகத்தான் சொன்னார். குறையாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன். நான் செய்த மூன்று தந்தி வாத்தியத்தை மடியில் கிடத்தி, முதலில் வெறும் தந்தியை மீட்டினார். அப்புறம் 12-ஆம் மெட்டில், அதாவது தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த பன்னிரண்டாவது கம்பியில், விரலை வைத்து மீட்டினார். கீழே ச, மேலே ச. எந்தத் தந்தி வாத்தியம் கையில் கிடைத்தாலும் அவர் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். புருவம் லேசாக ஏறியது. கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து இன்னொரு முறை மீட்டினார். மேல் ச இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒன்பது பத்து சென்ட் கீழே நின்றது. ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 100 சென்ட் என்பதால், பத்தில் ஒரு பங்கு பிசகு. இதெல்லாம் சாதாரணக் காதுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த மேல் ச-வையும், அதே மேல் ச-வுக்குச் சுருதி கூட்டிய மூன்றாவது தந்தியையும் சேர்த்து மீட்டினால் இரண்டு ஒலியும் ஒட்டாமல் வ்வ்வா வ்வ்வா என்று அலையடித்தன. அது யாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பூனைக்கே தெரிந்திருக்கும்.

வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்: "பிரமாதமா வந்திருக்கு. கையால செஞ்சதுன்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நாலைந்து மாதம் சுமந்துகொண்டு திரிந்தேன். என் அப்பா தையல்காரர். கும்பகோணத்தில் ஒரு சின்னக் கடையில் நாற்பது வருடத்துக்கு மேல் கையால்தான் தைத்தார். வலது கை நீளமாகவும் இடது கை குட்டையாகவும் ஒரு சட்டையைத் தைத்து, வாங்க வந்தவரிடம் "கையால தைச்சது, அப்படித்தான் இருக்கும்" என்று அவர் சொல்லியிருந்தால் கடை எத்தனை நாள் ஓடியிருக்கும்? கையால் செய்தது என்பது எப்போதிலிருந்து பிசகுக்குச் சொல்லும் சமாதானமாக ஆனது? கோபம் நண்பர் மேல் இல்லை. அவர் அப்படிச் சொன்னபோது நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேனே, அதன் மேல்தான்.

நிலைக்கால்

வாத்தியம் என்று பெரிதாகச் சொல்கிறேன். உடம்பு, அப்பாவின் பழைய தையல் மெஷின் மேஜையிலிருந்து கழற்றிய இழுப்பறை. பாபினும் ஊசியும் உடைந்த சாக்குக்கட்டியும் கிடந்த நீளமான பெட்டி. அதன் வாயில் மூன்று மில்லி பிளைவுட்டை ஒட்டி மூடி, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவில் நாலு ஓட்டை போட்டதும் உடம்பு தயார். அதற்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. மிச்சம் ஐந்து மாதமும் போனது அதற்கு மேலே நீண்டிருக்கும் கட்டைக்குத்தான். கிட்டார்க்காரர்கள் நெக் என்பதை வீணைக்காரர்கள் தண்டி என்பார்கள். எனக்குத் தண்டி என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. கையில் பிடித்துப் பார்த்தால் அது கழுத்து மாதிரியா இருக்கிறது?

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஓட்டுவீட்டை இடித்தார்கள். வாசல் நிலையின் ஒரு காலை, விறகு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கி வந்தேன். வைரம் பாய்ந்த தேக்கு. மேலே பத்துப் பூச்சு பெயிண்ட்: பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே ஏதோ ஒரு பொங்கலுக்கு அடித்த மஞ்சள். நிலைக்காலில் ஒரு வசதி உண்டு. ஐம்பது அறுபது வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று, முறுக்க வேண்டியதையெல்லாம் முறுக்கி முடித்திருக்கும். இனிமேல் அது அதிகமாகக் கோணிக்கொள்ளாது. புது மரத்தில் தண்டி செய்தால் அது உள்ளுக்குள் என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சிரமமும் உண்டு. கதவைத் தாங்கிய கீல்களின் திருகு ஓட்டைகள், தாழ்ப்பாள் போய் நுழையும் குழி, பார்வைக்கே படாத ஆணிகள். ஆணியில் ஒன்று, ரம்பத்துக்குத் தப்பி, இரவல் வாங்கி வந்த இழைப்புளியின் வாயில் மாட்டியது. அந்த இழைப்புளியைத் திருப்பிக் கொடுத்த நாள் தனிக் கதை.

நெடுக்கு வாட்டில் கையால் அறுப்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மரவாடியில் கொடுத்து மூன்று நிமிடத்தில் அறுத்து வாங்கியிருப்பேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கோட்டை விட்டு ரம்பம் விலகும்போதெல்லாம் கட்டையைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்திலிருந்து அறுத்தேன். கடைசியில் கிடைத்த சட்டம் நாலு சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் கனம், மூன்றடிக்குச் சற்று அதிக நீளம். அதன் வால் இழுப்பறைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். மூன்று தந்திக்கும் சேர்த்து 20 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இழுவிசை வரும் என்பதால் உள்ளே இரும்பு எதுவும் வைக்கவில்லை. எஃகுத் தந்தி போட்ட ஆறு தந்தி கிட்டாரில் இது 70 கிலோவைக்கூடத் தாண்டலாம். அதனால்தான் கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர் தண்டிக்குள் முறுக்கித் திருத்தக்கூடிய கம்பியைப் பதிக்கும் யோசனைக்கு 1923-இல் காப்புரிமை வாங்கினார். எனக்கு அந்தக் கவலை இல்லை. தேக்கு பார்த்துக்கொள்ளும்.

சட்டத்தின் முதுகை உருட்டும் வேலைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. எடுத்த எடுப்பில் வட்டமாக்கப் பார்த்தால் கோணல்மாணலாகத்தான் வரும். முதலில் இரண்டு முனைகளையும் சாய்வாகச் சீவவேண்டும். நாலு பட்டை ஆறு பட்டை ஆகும். அந்தப் பட்டைகளின் முனைகளை மறுபடி சீவினால் பத்து. அதற்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடியின் சில்லை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். உப்புத்தாளைவிடக் கண்ணாடி நல்லது. தூளாகக் கொட்டாமல், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய சுருள்கள் உருண்டு விழும். முனை மழுங்கினால் இன்னொரு சில்லு. ஒவ்வொரு பத்துச் சுரண்டலுக்கும் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் தண்டியை மேலிருந்து கீழ்வரை தடவுவேன். கண்ணுக்குத் தெரியாத மேடு கட்டைவிரலுக்குத் தெரியும். ஐந்தாவது மெட்டு வரவேண்டிய இடத்தில் ஒரு மேடு இருந்தது, அரிசிமணியில் பாதிகூட இருக்காது. மூன்று நாள் அதைத் தேடித் தேடிச் சுரண்டினேன்.

கீல் திருகு ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. காரணம் பிரையன் மே. பின்னாளில் குவீன் என்ற ராக் குழுவின் கிட்டார்க்காரர் ஆன அவர், 1963-இல், 16 வயதில், காசில்லாமல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு மின் கிட்டார் செய்ய ஆரம்பித்தார். தண்டி, ஒரு பழைய கணப்படுப்பின் மேல் சட்டமாக இருந்த மஹோகனி. அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால்தான் அடைத்தார்கள். சுருதியை அசைக்கும் அமைப்புக்கு மோட்டார் சைக்கிள் வால்வின் ஸ்பிரிங். மெட்டுகளுக்கு நடுவே பதித்த வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பித்தான்கள். எங்கள் வீட்டில் ஒரு டின் நிறையப் பித்தான் இருக்கிறது. நானும் மூன்று சட்டைப் பித்தான்களைப் பதித்தேன், காப்பிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த கிட்டாரைத்தான் அவர் உலகம் பூராவும் மேடைகளில் வாசித்தார். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் கணப்படுப்பையும் பித்தானையும் சொல்வார்கள். செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனதையும், அந்த அப்பா மின்னணுப் பொறியாளர் என்பதையும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கிடைத்ததை வைத்துச் செய்தார்கள் என்பது உண்மை. கிடைத்தபடி செய்தார்கள் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

பதினெட்டால் வகு

மெட்டுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி. இரண்டு மில்லி கனமுள்ள துருப்பிடிக்காத எஃகு, தெருமுனை சைக்கிள் கடையில் கழித்துப்போட்டது, சும்மாவே கொடுத்தார்கள். ஒவ்வொரு மெட்டுக்கும் ஹாக்சா பிளேடால் ஒரு கீறல், அதை உருண்டை அரத்தால் பாதிக் கம்பி உட்காரும் அளவுக்கு அகலமாக்கி, கம்பியை வைத்து ஃபெவிக்விக். பதினைந்து மெட்டு. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர, தரை ஓட்டுத் துண்டு ஒன்றில் உப்புத்தாளை ஒட்டி மேலே தேய்த்தேன். தலைப்பக்கம் தந்தி புறப்படும் இடத்திலும், வழக்கமாக வைக்கும் எலும்புத் துண்டுக்குப் பதில் ஒரு கம்பியையே மெட்டாக வைத்துவிட்டேன். அதற்குப் பின்னால் தந்திகளை விலக்கிப் பிடிக்க மட்டும் கொட்டாங்குச்சித் துண்டில் மூன்று பள்ளம். தந்தியை முறுக்கும் சாவிகள் கல்லூரிக் காலத்து உடைந்த கிட்டாரிலிருந்து எடுத்தவை.

எந்த மெட்டு எங்கே வரவேண்டும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: தந்தியின் நீளத்தை 18-ஆல் வகு, அந்த அளவில் முதல் மெட்டு. மிச்சமிருக்கும் நீளத்தை மறுபடி 18-ஆல் வகு, இரண்டாவது மெட்டு. இப்படியே போய்க்கொண்டிரு. வாய்க்கு எளிதாக இருந்தது, எங்கே எப்போது படித்தேன் என்று நினைவில்லை. தந்தி நீளம் 630 மில்லிமீட்டர் என்று வைத்தேன், 18-ஆல் வகுத்தால் 35 என்று முழு எண் வருகிறதே என்பதற்காக. அப்பாவின் இஞ்சு டேப்பில், ஓரமாக மில்லிமீட்டரும் இருக்கிற மஞ்சள் டேப், அளந்தேன். குறித்தேன், கீறினேன், பதித்தேன், ஒட்டினேன். மறுமுனையில் தந்தியைத் தாங்கும் குதிரையையும் சரியாக 630-இல், பென்சில் கோட்டின் மேலேயே, ஃபெவிகால் தடவி ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்து ஒரு ராத்திரி விட்டேன். ச–ப–ச என்று சுருதி கூட்டினேன். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் நண்பர் வந்தார்.

அதே டேப்பு

அவர் போன பிறகு நான் முதலில் பழி போட்டது டேப்பின் மேல். தையல் டேப் நாளாக நாளாக நீண்டுவிடும் என்பது சின்ன வயதிலிருந்தே கேட்டது. இரும்பு ஸ்கேலை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டேப்பில் 600 என்று போட்டிருந்த இடம் உண்மையில் 607. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் நான் இல்லை. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் டேப்பைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இது நீண்டுபோச்சுப்பா. 600-க்கு ஏழு மில்லி கூட. இதாலதான் எல்லாம் தப்பாப் போயிருக்கு."

அப்பா டேப்பை வாங்கி, பழக்கதோஷத்தில் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஆமா, இது நீண்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. கடைசி அஞ்சாறு வருஷம் இதுலதான் தைச்சேன்."

"அப்ப சட்டையெல்லாம் எப்படிச் சரியா வந்துச்சு?"

என்னைப் பார்த்த பார்வை, மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றபோது பார்த்த அதே பார்வை. "ஏண்டா, ஆள அளந்ததும் இதே டேப்பு, துணிய வெட்டினதும் இதே டேப்பு. அப்புறம் டேப்பு மேல என்ன குத்தம்?"

நின்ற இடத்திலேயே நின்றேன். ஆளின் தோளும் 1 சதவீதம் குறைவாகப் படிக்கும், துணியும் 1 சதவீதம் குறைவாகப் படிக்கும். சட்டை உடம்புக்குப் பொருந்திவிடும். அதே டேப்பை வேறொரு தையல்காரரிடம் எண்ணாகச் சொல்லி அனுப்பினால்தான் வம்பு. என் தண்டியிலும் அதே கதைதான். தந்தியின் முழு நீளத்தை அளந்ததும் அந்த டேப், மெட்டுகளை அளந்ததும் அந்த டேப். நான் 630 என்று நினைத்தது உண்மையில் 637-ஆக இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். பாதி என்பது பாதிதான். மேல் ச-வுக்கு வேண்டியது தந்தியின் சரிபாதி. எந்தக் கோலால் அளந்தாலும், ஒரு குச்சியால் அளந்தாலும், சரிபாதி அங்கேயேதான் இருக்கும்.

அப்படியானால் என் 12-ஆம் மெட்டு சரிபாதியில் இல்லை. உள்ளே ஓடிப்போய் ஒரு நூலை எடுத்து, தலைப்பக்கக் கம்பியிலிருந்து குதிரைவரை பிடித்து, இரண்டாக மடித்தேன். மடிப்பு 12-ஆம் மெட்டைத் தாண்டி விழுந்தது. இரண்டேகால் மில்லி இருக்கும். அளவெடுக்கும் கருவியே இல்லாமல், ஒரு பழுப்பு நூலில் என் ஐந்து மாத வேலையின் பிசகு தெரிந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு முறை 18-ஆல் வகுத்துக் கழித்தால் மிஞ்சுவது பாதி இல்லை, பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்: 0.5036. பாதியில் வந்து நிற்கவேண்டுமானால் வகுக்கவேண்டிய எண் 17.817. 18 என்பது வாய்க்கு வசதியான முழு எண், அவ்வளவுதான். ஒவ்வொரு மெட்டிலும் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே திருடுகிறது. பன்னிரண்டாவது மெட்டுக்கு வரும்போது திருட்டு பன்னிரண்டரை சென்ட். விரல் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இறுகி, சுருதி சற்று ஏறிவிடும் என்பதால்தான் நண்பரின் செயலி ஒன்பது பத்தோடு நிறுத்திக்கொண்டது.

தேக்கு என்னைக் கைவிடவில்லை. தீக்குச்சி, போக்ஸ் கம்பி, கொட்டாங்குச்சி, நீண்டுபோன டேப், ஒன்றுமே கைவிடவில்லை. நான் ஒப்பேற்றிய பொருள்களில் ஒன்றின் மேலும் குற்றமில்லை. ஒப்பேற்றாமல், பெரிய சூத்திரம் என்று நம்பி, அப்படியே எடுத்து வைத்த அந்த ஓர் எண்தான் காலை வாரியது. நண்பரின் வாக்கியத்துக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது: கையால் செய்ததால் வந்த பிசகில்லை ஐயா, தலையால் செய்ததால் வந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் முழுசாக ஒட்டவில்லை.

ஒட்டாததற்குக் காரணம் இன்னொரு அப்பா. அந்த 18-ஐத் தேடிப்போனால், அது வின்சென்சோ கலிலேயில் போய் நிற்கிறது. வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் தகப்பனார், லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம் வாசித்தவர். 1581-இல் புளோரன்ஸில் அச்சான தன் நூலில் மெட்டுகளை 18-க்கு 17 என்ற விகிதத்தில் வைக்கச் சொல்கிறார். அவருக்குக் காது இல்லையா? மகனுக்கே அளந்து பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்துதான் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குடும்பத்தில் யாரும் நூலை மடித்துப் பார்க்கவில்லையா? கொஞ்சம் யோசித்ததும் விஷயம் பிடிபட்டது. லூட்டின் தந்தி குடல் நரம்பு. அழுத்தினால் சுருதி ஏறும், 18 திருடுவதில் ஒரு பங்கை அது திருப்பிக் கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், லூட்டின் மெட்டும் நரம்புதான், தண்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டியது. பிசகினால் விரலால் தள்ளி நகர்த்திக்கொள்ளலாம். அவர்களுக்கு 18 என்பது ஆரம்பம். மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். ஃபெவிக்விக் போட்டது நான் மட்டும்தான்.

மெழுகு

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு மணி நேர பஸ். வீணை செய்யும் ஒரு பட்டறைக்கு, தெரிந்தவர் ஒருவர் மூலம், வாத்தியத்தைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு போனேன். வாசலிலேயே பலாமரத்தின் வாசம். தரையெல்லாம் மஞ்சள் சீவல். பெரியவர் ஒருவர் ஒரு வீணைக்கு மேளம் கட்டிக்கொண்டிருந்தார், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்குப் பொருத்திக்கொண்டிருந்தார். தண்டியின் இரண்டு பக்கமும் நெடுக, தேன்மெழுகில் கரித்தூளைக் குழைத்த கறுப்பு மேடை. அதன் மேல் ஒவ்வொன்றாக 24 மெட்டுகள். கொஞ்சம் சூடு காட்டி, மெட்டை மெழுகில் உட்காரவைத்து, தந்தியை மீட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். மயிரிழை நகர்த்துவார். மறுபடி மீட்டுவார். பக்கத்தில் ஸ்கேல் கிடந்தது, அதன் மேல் அவருடைய டீ டம்ளர் இருந்தது.

போர்வையைப் பிரித்ததும் இழுப்பறையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தண்டியைத் தடவிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கண்ணாடியால சொரண்டினீங்களா தம்பி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே பஸ் காசு தகும். பிறகு ச, மேல் ச. அவர் செயலி எதையும் திறக்கவில்லை.

"மெட்ட எதால ஒட்டினீங்க?"

"ஃபெவிக்விக்ங்கய்யா."

"சரி, அது போச்சு. குதிரை?"

"ஃபெவிகால்."

"குதிரைய எதுக்கு ஒட்டினீங்க? தந்திதான் மேலேருந்து அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கே, அது எங்க ஓடப்போவுது? மெட்டு நகராதுன்னா குதிரையாவது நகரணும். ரெண்டையும் ஒட்டிட்டா அப்புறம் காதுக்கு அங்க என்ன வேலை?"

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த மெட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் எண் எதையும் சொல்லவில்லை, குறிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டறையில் தோராயம் என்று எதுவும் இல்லை. மெழுகு இளகியிருக்கும்வரை மெட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், இறுகிய பிறகு அது நிற்கும் இடம் ஒன்றே ஒன்று. அப்பா ஓட்டுத்தையல் போட்டு, ஆளைக் கூப்பிட்டு மாட்டிப் பார்க்கச் சொல்வது ஞாபகம் வந்தது. கக்கத்தில் கொஞ்சம் பிடிக்கிறது என்றால் நூலை உருவிவிடுவார், கத்திரிக்கோலை அதுவரை எடுக்கமாட்டார். நான் கற்றுக்கொள்ளாமல் விட்டது அந்த ஓட்டுத்தையலைத்தான். பொருளில் எல்லாம் தாராளமாக இருந்துவிட்டு, இறுக்கவேண்டியதை முதல் நாளே இறுக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குதிரையைக் கழற்ற அப்பாவின் இஸ்திரிப் பெட்டியே உதவியது. ஈரத்துணியைப் போட்டு மேலே சூடான பெட்டியை வைத்து எடுத்து வைத்து எடுத்து, ஃபெவிகால் இளகியதும் மெல்லிய கத்தியை உள்ளே விட்டேன். அப்பா பக்கத்திலேயே நின்றார், வாத்தியத்துக்காக இல்லை, பெட்டிக்காக. ஒட்டாமல் குதிரையை வைத்து, தந்தியைப் பாதி இறுக்கி, தலைப்பக்கமாக நகர்த்த ஆரம்பித்தேன். கணக்குப்படி நாலரை மில்லி நகர்த்தவேண்டும். மூன்றைத் தாண்டியதுமே மெல்லிய தந்தியில் மேல் ச வந்து உட்கார்ந்தது, விரல் அழுத்தம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. தடித்த தந்திக்கு இரண்டே போதுமாக இருந்தது. அதனால் குதிரை இப்போது கொஞ்சம் கோணலாக நிற்கிறது. எந்தச் சூத்திரத்திலும் அந்தக் கோணல் கிடையாது. மற்ற மெட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். நாலாவது மட்டும் சற்று முணுமுணுக்கிறது, அது என் ஹாக்சா வேலை, அதற்கு 18-ஐக் குறை சொல்ல முடியாது. முதல் தந்தியின் மேல் ச-வையும் மூன்றாவது தந்தியையும் சேர்த்து மீட்டினேன். அலை நின்றுவிட்டது.

அப்பா குனிந்து பிளைவுட்டைப் பார்த்தார். குதிரை முன்பு ஒட்டியிருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. "பித்தான மாத்தித் தைச்ச எடம் மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "தந்தி அறுந்தா இது விழுந்துடுமே, மறுபடி எங்க வைப்பே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் ஒரு நீலச் சாக்கை எடுத்து வந்தார். துணியில் அளவு போடும் பட்டைச் சாக்கு. குதிரையின் இரண்டு பக்கத்திலும், அந்தக் கோணலை ஒட்டியே, மெல்லிய கோடு இழுத்தார். கை நடுங்கவில்லை.

சாக்குக் கோடு இரண்டு மூன்று வாரத்தில் என் கை பட்டே அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ச, மேல் ச என்று கேட்டுக் குதிரையை உட்காரவைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிடுகிறேன். நண்பரை இன்னும் கூப்பிடவில்லை. அந்த நாலாவது மெட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.